மீசையை எடுத்த தாத்தா: ஆட்டிசக் குழந்தைகள் முகம் பார்ப்பது பற்றிக் கேள்வி பதில்

(குழந்தை வளர்ச்சி உளவியல் படித்துவிட்டு, பதினான்கு வருடமாகச் சின்னக் குழந்தைகளோடு பாயில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். வந்த கேள்விகளில் முகம், கண் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். சாப்பாடு, மருந்து பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

இரண்டரை வயது மகனின் அம்மா: மேடம், கைக்குழந்தையாக இருந்தபோது பால் குடித்துக்கொண்டே என் முகத்தைப் பார்ப்பான். இப்போது கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. "ஆட்டிசம் என்றால் பிறந்ததிலிருந்தே பார்க்காது, அதெல்லாம் உன் கற்பனை" என்கிறார்கள். என் ஞாபகம் தப்பா?

இல்லை, நீங்கள் சொல்வது நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அட்லாண்டாவில் வாரன் ஜோன்ஸ், அமி க்ளின் இருவரும் 110 குழந்தைகளை இரண்டு மாத வயதிலிருந்து தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு பெண் கொஞ்சிப் பேசும் வீடியோவைக் காட்டி, பார்வை எங்கே நிற்கிறது என்று கருவி வைத்து அளந்தார்கள். முடிவு 2013ல் வந்தது. பின்னாளில் ஆட்டிசம் என்று உறுதியான குழந்தைகளும் இரண்டு மாதத்தில் கண்களை மற்றவர்களைப் போலத்தான் பார்த்திருக்கிறார்கள். இறக்கம் அதற்குப் பிறகு, ஆறு மாதத்துக்குள் தொடங்குகிறது. இரண்டு வயதில் மற்றக் குழந்தைகள் பார்ப்பதில் ஏறக்குறைய பாதிக்கு வந்துவிடுகிறது.

இந்த இறக்கம் அவ்வளவு மெதுவானது. கருவி இல்லாமல், திரும்பத் திரும்ப அளக்காமல் பிடிபடாது. அதனால் "அம்மா நீ அப்போதே கவனித்திருக்க வேண்டாமா" என்று யாராவது ஆரம்பித்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஒரு தாத்தா: வேண்டுதலுக்காக மொட்டை போட்டு மீசையையும் எடுத்துவிட்டு வந்தேன். நான்கு வயதுப் பேரனுக்கு ஆட்டிசம். மூன்று நாள் என் பக்கமே வரவில்லை. என்னை அடையாளமே தெரியவில்லையா?

ஐயா, மீசை எடுத்த அப்பாவைப் பார்த்து அழுகிற குழந்தைகள் எல்லா வீட்டிலும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் பேரன் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கலாம். 1978ல் டிம் லாங்டெல் என்பவர் ஆட்டிசச் சிறுவர்களிடம் கூடப் படிக்கும் பிள்ளைகளின் புகைப்படங்களைக் கொடுத்தார். படத்தில் முகத்தின் ஒரு பகுதி மட்டுமே தெரியும். பொதுவாக நாம் கண் பகுதியை வைத்துத்தான் ஆளைச் சொல்வோம். ஆட்டிசமுள்ள இளைய பிள்ளைகளோ வாய், தாடைப் பக்கம் தெரிந்தபோது மற்றவர்களைவிட நன்றாகச் சொன்னார்கள். மீசை எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்! பேரனுக்கு நீங்கள் யார் என்ற முகவரியே அங்கே இருந்திருக்கலாம்.

1987ல் வந்த வேறொரு ஆய்வில் படங்களைப் பிரித்து அடுக்கச் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகள் சிரிக்கிற முகம், சிரிக்காத முகம் என்று பிரித்தார்கள். ஆட்டிசப் பிள்ளைகளில் பலர் தலையில் இருந்த தொப்பியை வைத்துப் பிரித்தார்கள். பார்வையில் குறை ஒன்றும் இல்லை. எது முக்கியம் என்று எடுத்துக்கொள்வதுதான் வேறாக இருக்கிறது. அடுத்த முறை மொட்டைக்கு முன்னால் குரலும் வாசனையும் பழகிய துண்டும் உதவிக்கு இருக்கட்டும். முடிந்தால் அவன் கண் முன்னாலேயே மீசையை எடுங்கள்.

ஒரு அப்பா: அம்மா முகத்துக்கும் தெரியாதவர் முகத்துக்கும் ஆட்டிசக் குழந்தையின் மூளைக்கு வித்தியாசமே தெரியாது என்று படித்தேன். என் மனைவி அன்று முழுக்க அழுதாள்.

எந்த ஆய்வு என்று தெரிகிறது. சியாட்டிலில் ஜெரால்டின் டாசன் குழு, 2002. மூன்று நான்கு வயதுக் குழந்தைகளின் தலையில் மூளையின் மின் அலையைப் பதிவு செய்யும் கருவியை வைத்து, அம்மாவின் படம், தெரியாத பெண்ணின் படம், பிடித்த பொம்மை, புதுப் பொம்மை என்று காட்டினார்கள். ஆட்டிசக் குழந்தைகளின் மூளை அலை இரண்டு பொம்மைகளுக்கு வேறுபட்டது, இரண்டு முகங்களுக்கு வேறுபடவில்லை. அவ்வளவுதான். அது ஒரு புகைப்படம், சில நூறு மில்லி விநாடி. "அம்மாவைத் தெரியாது" என்று அதில் எங்கேயும் இல்லை.

உங்கள் மனைவிக்குக் காட்ட வேண்டியது 1984ல் வந்த மரியன் சிக்மனின் வேலை. அம்மா அறையை விட்டுப் போய்த் திரும்பி வந்தபோது, ஆட்டிசக் குழந்தைகள் கூட இருந்த அந்நியரைவிட அம்மாவிடம்தான் அதிகம் ஒட்டினார்கள். முகத்தைப் பார்ப்பது ஒரு திறமை, பாசம் வேறு கணக்கு. இதைக் கலந்து எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

சிறப்புக் கல்வி படிக்கும் மாணவர்: "என்னைப் பார்" என்று சொல்லி, தாடையைப் பிடித்துத் திருப்பி, பார்த்ததும் சிப்ஸ் கொடுக்கச் சொல்லித் தருகிறார்கள். சரியா?

தம்பி, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2017ல் அதே அட்லாண்டா குழு 86 இரண்டு வயதுக் குழந்தைகளிடம் ஒரு விஷயம் பார்த்தது. வீடியோ தொடங்குமுன் திரையில் ஒரு சின்னப் படத்தை மினுக்கி, குழந்தையின் பார்வையைக் கண் இருக்கப்போகும் இடத்துக்கே கொண்டுவந்தார்கள். ஆட்டிசக் குழந்தைகள் சூடு பட்டதுபோல விலகவில்லை. மற்றவர்களைவிட வேகமாகத் திரும்பிக்கொள்ளவும் இல்லை. அந்தக் கண் ஏதோ சொல்கிறது என்பதுதான் அவர்களை இழுக்கவில்லை. அப்படியிருக்க தாடையைத் திருப்பினால் என்ன கிடைக்கும்? சிப்ஸ் எங்கே வரும் என்று கற்றுக்கொள்வான், அவ்வளவுதான்.

முகம் ஏதாவது நல்லதைக் கொண்டுவர வேண்டும். ஊஞ்சலை நிறுத்தி, முகத்தை அவன் உயரத்துக்கு இறக்கி, காத்திருந்து, பார்த்த அந்த நொடி ஆட்டிவிடுங்கள். 18 முதல் 30 மாதக் குழந்தைகளோடு விளையாட்டு வழியாகவே இரண்டு வருடம் இப்படி வேலை செய்யும் டென்வர் முறை ஒன்று இருக்கிறது. அதன் முடிவில் மூளை அலையைப் பார்த்தபோது, பெரும்பாலான குழந்தைகளுக்கு முகத்துக்கான பதில் பொருளுக்கான பதிலைவிடச் சீக்கிரம் வந்தது, மற்றக் குழந்தைகளுக்கு வருவதுபோலவே.

ஆட்டிசமுள்ள ஒரு பெண் (26): நீங்கள் "இழுக்கவில்லை" என்கிறீர்கள். எனக்குக் கண்ணைப் பார்த்தால் எரிகிறது. பேசுவது காதில் விழாது.

நீங்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நான் மேலே சொன்னது இரண்டு வயதுக் கதை. வளர்ந்த ஆட்டிசக்காரர்களைக் கண்ணில் பார்வையை நிறுத்தச் செய்தபோது, மூளையின் ஆழத்தில் எச்சரிக்கை தரும் பகுதிகள் மிகையாக வேலை செய்ததை 2017ல் நூஷின் ஹாஜிகானி குழு பதிவு செய்திருக்கிறது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். நெற்றியையோ காதோரத்தையோ பார்த்துப் பேசுங்கள். எதிரில் இருப்பவருக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

மொபைலில் கார்ட்டூன் காட்டியதால்தான் முகம் பார்க்கவில்லை என்கிறார் மாமியார்.

லியோ கானர் ஆட்டிசத்தைப் பற்றி எழுதியது 1943ல். அப்போது யார் கையில் மொபைல்? குழந்தைகள் கண்களை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பது ஒரே கருவில் பிறந்த இரட்டையரிடம் அச்சு அசலாக ஒத்துப்போகிறது, ஒட்டுறவு 0.91 (முழுக்க ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லையென்றால் 0). தனிக்கரு இரட்டையரிடம் அது 0.35தான். பெரும்பங்கு பிறவியோடு வருவது. மொபைலைக் குறையுங்கள், நல்லதுதான். பழியை மட்டும் அதன்மேல் போடாதீர்கள், உங்கள்மேலும் போட்டுக்கொள்ளாதீர்கள்.

துபாயில் இருக்கும் அப்பா: வீடியோ காலில் மகள் (2 வயது, ஆட்டிசம்) என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. ஆனால் கை தட்டினால் உடனே திரும்புகிறாள். ஏன்?

அருமையான கவனிப்பு. சத்தமும் அசைவும் ஒரே நொடியில் சேர்ந்து வரும் இடத்துக்கு இந்த வயது ஆட்டிசக் குழந்தைகளின் பார்வை ஓடுகிறது என்று 2009ல் க்ளின் குழு காட்டியது. புள்ளிகளால் ஆன ஒரு உருவம் கை தட்டி விளையாடியபோதுதான் இது முதலில் அவர்கள் கண்ணில் பட்டது. முகத்தில் அப்படிச் சத்தமும் அசைவும் சேரும் இடம் வாய். பல குழந்தைகள் கண்ணை விட்டு வாயைப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வீடியோ காலில் படம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று பிந்தி வந்தால் அந்தச் சேர்க்கையும் போய்விடும். நெட் நன்றாக இருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள். முகத்துக்குப் பக்கத்திலேயே கையை வைத்துத் தட்டுங்கள். அப்புறம் தட்டுவதைக் குறைத்து, நாக்கால் "டொக் டொக்" சத்தம் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடம் போதும்.