சிப்பி நஞ்சு: கேள்வி பதில்

மட்டி, சிப்பி, ஆளியில் சேரும் கடல்நஞ்சு பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். என் வேலை பரிசோதனைக்கூடத்தில். சமையல் குறிப்பு என்னிடம் கிடையாது.

கேள்வி: நன்றாக வேகவைத்தால் நஞ்சு போய்விடுமா?

போகாது. நரம்பை முடக்கும் சாக்சிடாக்சின் என்ற நஞ்சைப் பிரித்தெடுக்க நாங்களே சதையை அரைத்து அமிலத்தில் கொதிக்க வைக்கிறோம். அதற்குப் பிறகும் அழியாமல் இருப்பதைத்தான் அளக்கிறோம். ஒரு கிலோ சதையில் 800 மைக்ரோகிராம் தாண்டினால் அந்தப் பகுதியில் அறுவடை நிறுத்தப்படும்.

கேள்வி: தண்ணீர் தெளிவாக இருந்தால் பயமில்லையே?

நிறத்தை நம்பாதீர்கள். டைனோஃபைசிஸ் என்ற நுண்பாசி லிட்டருக்குச் சில நூறு செல்கள் இருந்தாலே, அதைத் தின்ற சிப்பி நம் வயிற்றைக் கலக்கிவிடும். அந்த அளவில் நீரின் நிறம் மாறாது. சிப்பியிலும் வாடையோ சுவை மாற்றமோ தெரியாது.

கேள்வி: எலுமிச்சைச் சாறு? வினிகர்?

முதல் பதில்.

கேள்வி: எலிக்கு ஊசி போட்டுச் சோதிப்பது காட்டுமிராண்டித்தனம் இல்லையா?

கொடுமைதான். 20 கிராம் எடையுள்ள சுண்டெலியின் வயிற்றில் 1 மில்லிலிட்டர் சிப்பிச் சாற்றைச் செலுத்தி, அது கடைசி மூச்சு விடும் வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் கொழுப்பில் கரையும் நஞ்சுகளுக்கு 2011இலேயே மூலக்கூறுகளை நிறையைக் கொண்டு அடையாளம் காணும் நிறைநிறமாலைக் கருவிக்கு மாறிவிட்டது. நல்ல முடிவு.

குறுக்கீடு: கருவி தேடுவதை மட்டும்தானே காணும்? புது நஞ்சு வந்தால்?

இதற்காகத்தான் காத்திருந்தேன். 1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பியைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். சிலருக்கு நினைவே தப்பியது. அந்தச் சாற்றைச் செலுத்திய எலிகள் வழக்கம்போல் மூச்சுத் திணறவில்லை. பின்னங்காலால் தோளைச் சொறிந்துகொண்டே இருந்தன. இது வேறு சரக்கு என்பதற்கு அந்தச் சொறிதல் ஒரு தடயம். டோமோயிக் அமிலம் என்ற நஞ்சு அப்படித்தான் பிடிபட்டது. 1995இல் அயர்லாந்துச் சிப்பியால் நெதர்லாந்தில் சிலர் நோயுற்றபோதும் தெரிந்த நஞ்சுகள் சொற்பமாகவே இருந்தன. எலிகள் மட்டும் செத்தன. அசாஸ்பிராசிட் என்ற புது நஞ்சு பிறகுதான் தெரியவந்தது.

குறுக்கீடு: அப்படியானால் எலியே மேல் என்கிறீர்களா?

இல்லை ஐயா! டோமோயிக் அமிலத்துக்கு இன்றைய வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அந்த அளவில் எலிக்கு ஒன்றும் ஆகாது. சாற்றில் கொழுப்பு அமிலம் மிகுந்தாலோ நஞ்சே இல்லாமல் செத்துவைக்கும். அன்றாடக் கண்காணிப்புக்குக் கருவி. விளங்காத நோய் கிளம்பினால் உயிரணுச் சோதனையும் வேண்டும். கருவியில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக நோயாளியின் பேச்சைத் தள்ளிவிடக் கூடாது. என் சண்டையெல்லாம் அதற்குத்தான்.

கேள்வி: உறைய வைத்தால்? பூண்டு சேர்த்தால்? புற ஊதாத் தொட்டியில் இரண்டு நாள் விட்டால்?

உறைபெட்டிக்கும் பூண்டுக்கும் முதல் பதிலேதான். இனி இந்த வகைக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன். தொட்டி பாக்டீரியாவைக் குறைக்கும். நஞ்சுக்கு அதை நம்ப முடியாது. சில சிப்பிகள் வாரங்களில் தெளியும்; அலாஸ்காவின் வெண்ணெய் மட்டி ஓராண்டுக்கு மேலும் நஞ்சை வைத்திருக்கும்.

கேள்வி: நண்டு?

காலிலுள்ள சதை பெரும்பாலும் பரவாயில்லை. ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் பகுதியில்தான் நஞ்சு தங்கும். எச்சரிக்கை அமலில் இருக்கும்போது அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: மதியம் சிப்பி சாப்பிட்டேன், உதடு மரத்துப்போகிறது. என்ன செய்யலாம்?

இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மாற்று மருந்து இல்லை. மூச்சு நின்றால் செயற்கைச் சுவாசம்தான் காப்பாற்றும். தனியாக வண்டி ஓட்டாதீர்கள். மிஞ்சிய சிப்பி இருந்தால் கொட்டாமல் கட்டி எடுத்துச் செல்லுங்கள். எங்களுக்கு அது வேண்டும்.