மாத்திரை வந்த வழி: ஆப்பிரிக்காவின் எச்.ஐ.வி. திட்டங்கள் பற்றிக் கேள்வி பதில்

தெற்கு, கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் எச்.ஐ.வி. மருந்து விநியோகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அந்தத் திட்டங்களைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சார், பெப்ஃபார், குளோபல் ஃபண்ட், யுஎன்எய்ட்ஸ் என்று செய்திகளில் மாறி மாறி வருகிறது. மூன்றும் ஒன்றா? (கல்லூரி மாணவி, திருச்சி)

மூன்றும் வேறு வேறு அம்மா. பெப்ஃபார் அமெரிக்க அரசின் திட்டம். 2003 ஜனவரியில் அதிபர் ஜார்ஜ் புஷ் அறிவித்தார். ஐந்து ஆண்டுகளுக்கு 1,500 கோடி டாலர். குளோபல் ஃபண்ட் 2002-ல் ஜெனீவாவில் தொடங்கியது. பல நாடுகளும் அறக்கட்டளைகளும் சேர்ந்து போடும் பொதுப் பணம் அது. எய்ட்ஸோடு காசநோய்க்கும் மலேரியாவுக்கும் செலவாகிறது. யுஎன்எய்ட்ஸ் ஐ.நா. அமைப்பு, 1996 முதல் இயங்குகிறது. கணக்கெடுப்பது, இலக்கு வைப்பது, தூங்கும் அரசுகளைத் தட்டி எழுப்புவது அதன் வேலை.

களத்தில் இதெல்லாம் ஒரே கூரைக்குக் கீழே கலந்துதான் இருக்கும். மாத்திரை குளோபல் ஃபண்ட் வாங்கியது, பரிசோதனை மெஷின் பெப்ஃபார் கொடுத்தது, நர்ஸுக்குச் சம்பளம் அந்த நாட்டு அரசு, கவுன்சலருக்குச் சம்பளம் ஒரு தொண்டு நிறுவனம். இந்தக் கடைசி விஷயத்தை மறக்காதீர்கள், 2025 பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

அண்ணா, ஆப்பிரிக்காவில் சாப்பிடும் எய்ட்ஸ் மருந்தெல்லாம் இந்தியாவில் செய்தது என்கிறார்களே?

பெரும்பகுதி உண்மைதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் நோயாளி பிழைத்துக்கொள்கிறார் என்பது 1996-லேயே தெரிந்துவிட்டது. பணக்கார நாடுகளில் சாவு மளமளவென்று குறைந்தது. ஆனால் ஒருவருக்கு ஓர் ஆண்டு மருந்துச் செலவு பத்தாயிரம் டாலருக்கு மேல். ஆப்பிரிக்காவில் யாரால் முடியும்? மலிவு மருந்துக்கு வழி செய்ய தென்னாப்பிரிக்கா 1997-ல் சட்டம் கொண்டுவந்தது. உடனே 39 மருந்து கம்பெனிகள் சேர்ந்து அந்த அரசின்மேல் வழக்குப் போட்டன. ஊர் உலகமெல்லாம் கண்டித்த பிறகு, 2001 ஏப்ரலில்தான் வாபஸ் வாங்கின. இடைப்பட்ட காலத்தில் செத்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

அதே 2001 பிப்ரவரியில் யூசுஃப் ஹமீத் தலைமையிலிருந்த மும்பையின் சிப்லா, 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலர் விலையில் மருந்து தர முன்வந்தது. நாளுக்கு ஒரு டாலர்கூட இல்லை. விலையைப் போலவே இன்னொன்றும் முக்கியம். மூன்று மருந்துகளின் காப்புரிமையும் வேறு வேறு கம்பெனிகளிடம் இருந்ததால், வெளிநாட்டில் அவற்றை ஒரே மாத்திரையாக்க யாராலும் முடியவில்லை. இந்தியச் சட்டம் அப்போது மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை. அதனால் இங்கே மூன்றையும் ஒன்றாக்கி, காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று ஆக்க முடிந்தது. கைப்பிடி மாத்திரைகளை நேரம் பார்த்து விழுங்குவதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

இந்திய மருந்தைத் துணிந்து இறக்குமதி செய்தவர்களில் உகாண்டாவின் டாக்டர் பீட்டர் முக்யேன்யி முன்னோடி. புஷ் பெப்ஃபாரை அறிவித்த அன்று அவர் விருந்தினராக அமெரிக்க நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தார். ஆண்டுக்கு 12,000 டாலராக இருந்த விலை 300-க்குக் கீழே வந்துவிட்டது என்று புஷ் அந்த உரையிலேயே சொன்னார். விலை இறங்காமல் இருந்திருந்தால் அந்த 1,500 கோடியை வைத்து எத்தனை பேருக்கு மருந்து கொடுத்திருக்க முடியும்? ஆனாலும் ஜெனரிக் மருந்தை, அதாவது வேறு கம்பெனிகள் மலிவாகச் செய்யும் அதே மருந்தை, வாங்க பெப்ஃபார் முதலில் தயங்கியது. 2004-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்குத் தனி ஆய்வு வழி வகுத்த பிறகுதான் கதவு திறந்தது.

இன்று பரவலாகக் கொடுக்கும் டிஎல்டி, மூன்று மருந்துகள் சேர்ந்த, நாளுக்கு ஒரே மாத்திரை. குளோபல் ஃபண்ட் 2023-ல் அதை ஆண்டுக்கு 45 டாலருக்கும் குறைவாக வாங்கும் நிலைக்கு வந்தது.

நோயாளிக்கு மருந்து கொடுப்பது சிகிச்சை. அதை ஏன் 'தடுப்பு' என்கிறார்கள்?

மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுபவரின் ரத்தத்தில் வைரஸ் பரிசோதனைக்கே தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையில் உடலுறவு மூலம் அவரிடமிருந்து துணைக்குத் தொற்றாது. இதைப் பெரிய அளவில் உறுதிசெய்தது 9 நாடுகளில், 1,763 ஜோடிகளிடம் நடந்த ஓர் ஆய்வு. ஒருவருக்குத் தொற்று இருக்கும், துணைக்கு இருக்காது. உடனே மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைந்தது என்று 2011-ல் அறிவித்தார்கள். பாதிக்கு மேற்பட்ட நாடுகள் ஆப்பிரிக்காவில்: மலாவி, போட்ஸ்வானா, கென்யா, ஜிம்பாப்வே, தென்னாப்பிரிக்கா. நம் சென்னையும் அதில் ஒரு களம். 1986-ல் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்த டாக்டர் சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தில் நடந்தது.

தாயிடமிருந்து குழந்தைக்கும் இதே கணக்குதான். ஒன்றும் செய்யாமல் விட்டால் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றும். தாய் மருந்து எடுத்தால் ஐந்துக்கும் கீழே. மலாவி 2011-ல் ஒரு துணிச்சலான முடிவெடுத்தது. யாருக்கு மருந்து தொடங்குவது என்று முடிவு செய்ய ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும், அதற்கு லேப் வசதி போதாது. ஆகவே தொற்றுள்ள கர்ப்பிணி எல்லோருக்கும் உடனே, ஆயுள் முழுக்க மருந்து. ஏழை நாடு ஒன்று தன் நிலைமைக்கு ஏற்ப யோசித்துச் செய்ததை, பிறகு உலகம் முழுக்கப் பின்பற்றினார்கள்.

ஆண்களுக்குச் சுன்னத்து செய்தால் எச்.ஐ.வி. வராதாமே?

வராது என்று சொல்ல முடியாது, குறையும். தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஃபார்ம், கென்யாவின் கிசுமு, உகாண்டாவின் ராக்காய் ஆகிய மூன்று இடங்களிலும் நடந்த ஆய்வுகளில், பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றுவது ஏறக்குறைய 60 சதவீதம் குறைந்தது. 2007-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆணுறை அதன் பிறகும் வேண்டும்.

இளம்பெண்களுக்குத்தான் அதிகம் தொற்றுகிறது என்று படித்தேன். ஏன்? (ஆசிரியை, மட்டக்களப்பு)

டீச்சர், இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான பகுதி. சகாராவுக்குத் தெற்கே 15 முதல் 24 வயதுள்ள பெண்களில் வாரத்துக்கு 3,100 பேருக்குப் புதிதாகத் தொற்றியது என்பது 2023-க்கான யுஎன்எய்ட்ஸ் மதிப்பீடு. தென்னாப்பிரிக்காவின் தர்பனில் உள்ள கப்ரிசா ஆய்வு மையம் வைரஸின் மரபணுவை ஒப்பிட்டு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று தேடியது. இந்தப் பெண்களுக்குத் தொற்று வந்தது பெரும்பாலும் சராசரியாக எட்டு வயதுக்கு மேல் மூத்த ஆண்களிடமிருந்து. பள்ளிக் கட்டணம், பஸ் காசு, செல்போன் என்று அந்த உறவுக்குப் பின்னால் பணத் தேவை இருக்கும். ஆணுறை போடச் சொல்லும் நிலையில் அந்தப் பெண் இருக்கமாட்டாள்.

அதனால்தான் பெப்ஃபார் 2014-ல் 'ட்ரீம்ஸ்' என்ற திட்டத்தை அறிவித்தபோது மருந்தோடு நிற்கவில்லை. பள்ளியில் தொடர வைப்பது, வன்முறைக்கு ஆளானவளுக்கு உதவி, சிறுசேமிப்பு, பெற்றோருடன் பேசுவது எல்லாம் ஒரே பொட்டலமாக. முதலில் பத்து நாடுகளில். கேட்ஸ் அறக்கட்டளையும் சில மருந்து கம்பெனிகளும் பங்காளிகள். என் கணிப்பில் பெப்ஃபார் யோசித்த மிக நல்ல திட்டம் இது.

மிக மோசமானதும் அவர்களுடையதே. தொடக்க காலத்தில் தடுப்புப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் 'திருமணம் வரை விலகியிரு' என்ற பிரசாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டமே சொன்னது. அது நடத்தையை மாற்றியதாக எந்தத் தடயமும் இல்லை என்று 2016-ல் வந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு காட்டியது. அதற்குள் 140 கோடி டாலருக்கு மேல் கரைந்துவிட்டது.

வெளிநாட்டுப் பணம் பாதி அரசியல்வாதி பைக்குத்தானே போகிறது?

பாதி என்பது மிகை. திருட்டே இல்லை என்பதும் பொய். குளோபல் ஃபண்டின் சொந்த ஆய்வாளர்களே சாம்பியா, மாலி, மொரித்தானியா, ஜிபூட்டி நாடுகளில் மோசடியைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். 2011-ல் அது பெரிய செய்தியாகி சில நாடுகள் நன்கொடையை நிறுத்தி வைத்தன. 2025 மே மாதத்தில், இலவசமாகத் தந்த மருந்துகள் சாம்பியாவின் தனியார் கடைகளில் விற்கப்படுகின்றன என்று சொல்லி அமெரிக்கா 5 கோடி டாலர் உதவியை வெட்டியது. மருந்து வண்டி கிடங்கை விட்டுக் கிளம்பிய பின் எந்த கிளினிக்கில் எத்தனை டப்பா இறங்கியது என்ற பதிவு ஒழுங்காக இருந்தால் பெரும்பாலான திருட்டு பிடிபடும். அந்தப் பதிவு வேலைக்குத்தான் யாரும் ஆசையாகப் பணம் தருவதில்லை.

எந்த நாடு நன்றாகச் செய்தது?

போட்ஸ்வானா. ஒரு காலத்தில் நாடே அழிந்துவிடும் என்று அதிபர் ஃபெஸ்டஸ் மொகாயே வெளிப்படையாகப் பேசினார். 2000-ல் மெர்க் கம்பெனியும் கேட்ஸ் அறக்கட்டளையும் ஆளுக்கு 5 கோடி டாலர் தர, அரசோடு சேர்ந்து ஒரு கூட்டமைப்பு உருவானது. 2002 முதல் அரசே இலவச மருந்து தரத் தொடங்கியது. வைர வருமானத்திலிருந்து பெரிய பங்கை அரசு போட்டதால் பிடி அரசின் கையிலேயே இருந்தது. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதை ஒழிக்கும் பாதையில் 2021-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வெள்ளித் தகுதி கிடைத்தது. தொற்று அதிகமுள்ள நாடுகளில் முதலில் பெற்றது அதுதான்.

2025-ல் அமெரிக்கா பணத்தை நிறுத்தியபோது உண்மையில் என்ன நடந்தது சார்?

ஜனவரி 20 அன்று 90 நாள் நிறுத்த உத்தரவு வந்தது. சில நாளில் எல்லா வேலையையும் அப்படியே நிறுத்தச் சொன்னார்கள். பிறகு உயிர்காக்கும் சிகிச்சைக்கு விலக்கு கொடுத்தார்கள். ஆனால் தொற்று வராமலிருக்க எடுக்கும் 'ப்ரெப்' மருந்தைக் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் மட்டும் தரலாம் என்றார்கள். பாலியல் தொழிலாளர்கள், ஆணோடு உறவுள்ள ஆண்கள், இளம்பெண்கள் எல்லோரும் வெளியே. யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களுக்கே கதவை அடைத்த முடிவு அது. ஜூலை 1 அன்று, அமெரிக்காவின் வெளிநாட்டு உதவியைக் கையாண்ட யுஎஸ்எய்ட் அமைப்பே மூடப்பட்டது.

முதலில் சொன்ன கவுன்சலர் சம்பளம் நினைவிருக்கிறதா? தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். அதன் எச்.ஐ.வி. செலவில் அமெரிக்கப் பங்கு ஏறக்குறைய 17 சதவீதம்தான், மருந்தை அரசே வாங்குகிறது. அப்படியும் எட்டாயிரம் பேர் அளவில் வேலை இழந்தார்கள். மருந்து அலமாரியில் இருக்கிறது. பரிசோதனைக்கு அழைத்து வருபவர், வராமல் நின்றுவிட்டவரை வீடு தேடிப் போய்ப் பார்ப்பவர், வைரஸ் அளவைக் கணினியில் பதிபவர் இல்லை. நோயாளியை மருந்தோடு கட்டி வைத்திருந்தது இவர்கள்தான். அவர்களை அரசுச் சம்பளப் பட்டியலில் சேர்க்காமல் இருபது ஆண்டு ஓட்டியது கொடுத்தவர், வாங்கியவர் இரு தரப்பின் தவறு.

ஆறு மாதத்துக்கு ஒரு எச்.ஐ.வி. தடுப்பூசி வந்துவிட்டதாமே?

தடுப்பூசி இல்லை தம்பி, தடுப்பு மருந்து. லெனகாபாவிர் என்று பெயர், ஊசியாகப் போடுவது. தென்னாப்பிரிக்கா, உகாண்டாவில் நடந்த சோதனையில் இந்த ஊசி போட்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. 2024-ல் முடிவு வந்தது, 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. தினசரி மாத்திரை டப்பாவை வீட்டில் ஒளித்து வைக்கத் தவிக்கும் பெண்ணுக்கு இது பெரிய விடுதலை.

விலைதான் பிரச்சினை. அமெரிக்காவில் ஆண்டுக்கு 28,000 டாலர். அதைத் தயாரிக்கும் கில்லியட் கம்பெனி 120 நாடுகளுக்காக ஆறு ஜெனரிக் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்திருக்கிறது. ஹைதராபாத்தின் ஹெட்டெரோவும் டாக்டர் ரெட்டீஸும் 2027 முதல் 40 டாலருக்குத் தர ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. அதற்கு முன்பே குளோபல் ஃபண்டும் அமெரிக்காவும் சேர்ந்து அனுப்பிய முதல் ஊசிகள் 2025 நவம்பரில் எஸ்வாத்தினிக்கும் சாம்பியாவுக்கும் போய்ச் சேர்ந்தன. பிரேசில், பெரு போன்ற நாடுகளின் மக்கள் இந்த மருந்தின் இன்னொரு சோதனைக்கு உடலைக் கொடுத்தும் அந்த நாடுகள் உரிமப் பட்டியலில் இல்லை. அது நியாயமே இல்லை.

இனி அந்த நாடுகளே பணம் போட முடியாதா?

சில நாடுகள் போடுகின்றன. ஜிம்பாப்வே 2000-லிருந்தே வருமான வரியின்மேல் 3 சதவீதம் எய்ட்ஸ் வரி வசூலிக்கிறது. நைஜீரியா 2025-ல் சுகாதாரத்துக்குக் கூடுதலாக 20 கோடி டாலர் ஒதுக்கியது. பட்ஜெட்டில் 15 சதவீதம் சுகாதாரத்துக்கு என்று ஆப்பிரிக்கத் தலைவர்கள் 2001-ல் அபுஜாவில் உறுதி கொடுத்தார்கள். பெரும்பாலான நாடுகள் அதை எட்டவே இல்லை. கடன் வட்டியே வருமானத்தைத் தின்னும் நாடுகளுக்கு உடனே முழுச் சுமையையும் தூக்க முடியாது. 2025 நவம்பரில் ஜோஹன்னஸ்பர்க் கூட்டத்தில் குளோபல் ஃபண்ட் கேட்டது 1,800 கோடி டாலர், வாக்குறுதி வந்தது 1,134 கோடி. நல்ல செய்தியும் உண்டு: கென்யாவில் தயாரான டிஎல்டி மாத்திரையைக் குளோபல் ஃபண்ட் வாங்கி மொசாம்பிக்குக்கு அனுப்பியிருக்கிறது.

வேலைக்காக சாம்பியாவின் லுசாகா போகிறேன். அம்மா பயப்படுகிறார்கள். கொசுவால், சாப்பாட்டால் எச்.ஐ.வி. வருமா?

வராது. சேர்ந்து சாப்பிடலாம், கை குலுக்கலாம், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தலாம். ஆணுறை இல்லாத உறவு, ஊசிக் குத்து மாதிரி ஏதாவது நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய் அவசரத் தடுப்பு மருந்து கேளுங்கள். 28 நாள் சாப்பிட வேண்டும், சீக்கிரம் தொடங்கினால் நல்லது. கொசுவால் அங்கே வருவது மலேரியா. கிளம்பும் முன் டாக்டரிடம் அதற்கான மாத்திரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கொசுவலையும் எடுத்துப் போங்கள். நவம்பரில் மழை தொடங்கிவிடும்.