கடைந்த பதக்கத்தில் சிலாம்பு பெயராத துளை

கேள்வி: வீட்டிலுள்ள சிறிய லேத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து 40 மி.மீ. விட்டமுள்ள வட்டப் பதக்கங்கள் செய்கிறேன். முன்புறம் தட்டையாகவும் பின்புறம் குவிந்தும் இருக்கும். அரக்குப் பூசி முடித்த பிறகு, கயிறு கோக்க விளிம்பருகே 3 மி.மீ. துளை போடுகிறேன். அடியில் பலகை வைத்துத்தான் துளையிடுகிறேன், பிட்டும் புதியது. இருந்தும் பின்புறம் சிலாம்பு பெயர்கிறது. துளையைச் சுற்றி அரக்கும் செதில்செதிலாக உதிர்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பலகை வைப்பது சரியான பழக்கம்தான். ஆனால் உங்கள் பதக்கத்தில், துளை வெளிவரும் இடத்தை அந்தப் பலகை தொடுவதே இல்லை. குவிந்த பின்புறம் நடுவில் மட்டும்தான் பலகையில் அமர்கிறது. விளிம்பு 3 மி.மீ. உயர்ந்து நிற்கும் அளவுக்குக் குவிவு இருப்பதாகக் கொண்டால், விளிம்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே தள்ளிப் போடும் துளையின் அடியில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் வெற்றிடம் இருக்கும். பிட் அடிப்பக்கத்தை நெருங்கும்போது மிச்சமிருக்கும் மரம் தாள்போல் மெலிந்துவிடுகிறது. தாங்குவதற்கு எதுவும் இல்லாததால் அந்த இழைகள் வெட்டுப்படாமல் வெற்றிடத்துக்குள் வளைந்து, துளையின் எல்லையையும் தாண்டிக் கிழிந்துபோகின்றன. சன்னபட்டணத்துப் பொம்மைகளுக்கும் பயன்படும் வெட்பாலை, நெருக்கமான இழையும் மென்மையும் கொண்ட மரம். கடைவதற்கு இனிமையானது என்றாலும், அழுத்தினால் வெட்டுப்படும் முன்பே வளைந்து கொடுக்கும்.

ஆகவே நான் சொல்லும் முதல் மாற்றம் வேலையின் வரிசையைப் பற்றியது. துளையைக் கடைசியில் போடாதீர்கள், குவிவு கடைவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். இரு முகமும் தட்டையாக உள்ள வில்லையைச் சமமான கழிவுப் பலகையின்மேல் வைத்துக் கிளாம்பு போட்டு இறுக்கினால், துளையின் அடியில் மரம் முழுமையாகத் தாங்கப்படும். அப்படியும் ஓரிரு இழை பெயர்ந்தால் கவலை வேண்டாம். பின்னர் குவிவைக் கடையும்போது அந்த இடத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் மரம் எப்படியும் சீவப்பட்டுப் போகும், பெயர்ந்த இழையும் அதனோடு போய்விடும். இதில் ஒரு சிக்கல் உண்டு. கடையும்போது உளி ஒவ்வொரு சுற்றிலும் துளையின் வாயைக் கடப்பதால், அந்த உதடு சற்றுச் சிதையக்கூடும். அதற்கு, துளைக்குள் இறுகப் பொருந்தும் மூங்கில் குச்சியொன்றைப் பசையில்லாமல் செருகி, இரு முகத்துக்கும் மட்டமாக நறுக்கிவிட்டுக் கடையுங்கள். உளி மரத்தையும் மூங்கிலையும் சேர்த்தே சீவிச் செல்லும். வேலை முடிந்ததும் குச்சியைத் தட்டி வெளியே தள்ளிவிடலாம்.

பிட் புதியது என்கிறீர்கள். ஆனால் எதற்கான பிட் என்பதையும் பாருங்கள். இரும்புக்கான சாதாரண பிட்டின் நுனி கூம்பாக இருப்பதால் அது நடுவில் முதலில் புகுந்து, இழைகளை விளிம்பை நோக்கித் தள்ளுகிறது. மரத்துக்கான பிட்டில் நடுவே ஒரு கூர்முள்ளும் ஓரத்தில் இரண்டு வெட்டுமுனைகளும் இருக்கும். அந்த முனைகள் துளையின் சுற்றளவை முதலில் அறுத்துவிட்டுத்தான் உள்ளிருக்கும் மரத்தை எடுக்கின்றன. 3 மி.மீ. அளவிலும் இது கிடைக்கிறது, தேடி வாங்குங்கள். கையால் பிடிக்கும் டிரில் இத்தகைய நுண்ணிய வேலைக்கு ஏற்றதன்று. ஸ்டாண்டில் பொருத்திய டிரில்லில் நிமிடத்துக்கு 2,000 முதல் 3,000 சுற்று வேகம் வைத்து, ஓரிரு மில்லிமீட்டர் இறங்கியதும் மேலே தூக்கித் தூளை வெளியேற்றி, கடைசி ஒரு மில்லிமீட்டரில் கையின் எடையைக்கூடக் கொடுக்காமல் இறக்குங்கள். துளையிடும் புள்ளியைக் குத்தூசியால் முன்பே அழுத்திக் குறித்துக்கொண்டால் பிட் வழுக்காது.

அரக்கு உதிர்வதற்குக் காரணம் வேறு. ஆறிய அரக்கு கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை உடையது; சுமார் 75 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலோ உருகிவிடும். சுழலும் பிட் அரக்குப் படலத்தை முதலில் உடைக்கிறது, பிறகு உராய்வின் சூட்டில் அதையே உருக்கித் தன்மேல் பூசிக்கொள்கிறது. அரக்கு அப்பிய பிட் சரியாக வெட்டுவதில்லை, ஆகையால் சிலாம்பும் கூடுகிறது. துளையை முன்பே போட்டுவிட்டால் இந்தத் தொல்லை முழுவதும் நீங்கும். குச்சி துளைக்குள் இருக்கும்போதே அரக்கைத் தீற்றி, தாழை மடலால் மெருகேற்றுங்கள். பின்னர் அதே 3 மி.மீ. பிட்டை விரல்களுக்கிடையே பிடித்து, குச்சியின் வட்டத்தை மறைத்திருக்கும் அரக்கை இரு பக்கமும் மெதுவாகத் திருகி அகற்றிவிட்டுக் குச்சியைத் தள்ளுங்கள். இந்த இடத்தில் இயந்திரத்தைப் பயன்படுத்த வேண்டாம்.

ஏற்கெனவே கடைந்து முடித்த பதக்கங்களை வீணாக்க வேண்டியதில்லை. கழிவுக் கட்டை ஒன்றில், பின்புறக் குவிவு அப்படியே பொருந்துமாறு ஒரு குழியைக் கடைந்து, பதக்கத்தை அதில் அமர்த்தித் துளையிடுங்கள். ஒரே அளவில் பல பதக்கங்கள் செய்பவருக்கு இந்தக் கட்டை நெடுநாள் உதவும். குழியின் ஒரே இடத்தில் பலமுறை துளையிட்டால் அங்கும் தாங்கல் போய்விடும்; பதக்கத்தை ஒவ்வொரு முறையும் சற்றுத் திருப்பி வையுங்கள். கட்டை செய்ய இயலாவிட்டால், முன்புறமிருந்து துளையிட்டு, நடுமுள்ளின் நுனி பின்புறம் எட்டிப்பார்த்தவுடன் நிறுத்தி, பதக்கத்தைத் திருப்பி அந்தச் சிறு புள்ளியிலிருந்து மீதியை வெட்டுங்கள். அரக்குள்ள முகத்தில் மாஸ்கிங் டேப்பை ஒட்டிக்கொள்வது ஓரளவு உதவும். எடுக்கும்போது துளையை நோக்கி மடக்கி மெதுவாக உரியுங்கள்.

துளையின் இடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மையம் விளிம்பிலிருந்து 5 மி.மீ. தள்ளி இருந்தால் மேலே மூன்றரை மில்லிமீட்டர் மரம் மிஞ்சும், அதற்குக் குறையாதீர்கள். வட்டப் பதக்கத்தில் அந்தக் குறுகிய பாலத்தின் நீளவாக்கில் இழை ஓடுமாறு, அதாவது பதக்கம் தொங்கும்போது ரேகை கிடைமட்டமாக அமையுமாறு துளையின் இடத்தைத் தேர்ந்தெடுத்தால், கயிற்றின் இழுப்பில் பாலம் எளிதில் பிளக்காது.

கடைசியாக, துளையின் உட்சுவர். உப்புத்தாளை மெல்லிய நாடாவாகக் கிழித்து முறுக்கி, துளைக்குள் விட்டு நாலைந்து முறை இழுங்கள். பின்னர் ஒரு பஞ்சுநூலைக் கோத்து, எல்லாப் பக்கமும் உரசுமாறு சுற்றி இழுத்துப் பாருங்கள்; நூலின் இழை எங்கே சிக்குகிறதோ அங்கே இன்னும் சிலாம்பு இருக்கிறது, அந்த இடத்தை மட்டும் மறுபடி தேயுங்கள்.