60 வருடப் பழைய டிரெய்லரை இழுத்துக்கொண்டு, பனி விழுவதற்குள் அமெரிக்காவைக் குறுக்கே கடக்க எப்படித் திட்டமிடுவது?

கேட்டவர் தந்திருக்கும் விவரம் இது: நியூ ஜெர்சியில் 1967 மாடல் சின்ன டிரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப் போய் உள்ளே தங்கும் வண்டி) ஒன்று வாங்கியிருக்கிறார், மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்தியது. உள்ளே பெயின்ட், திரைச்சீலை, புது அடுப்பு எல்லாம் முடித்து நவம்பர் முதல் வாரம் கிளம்பி, ஐ-80 நெடுஞ்சாலையிலேயே நேராக கலிபோர்னியா போய்விடலாமா என்று கேட்கிறார்.

ஐ-80 வேண்டாம். பெயின்டும் இப்போது வேண்டாம். சக்கரத்தை மட்டும் பாருங்கள், நாளைத் தள்ளாமல் கிளம்புங்கள், மீதி வேலையை வெயில் அடிக்கிற ஊரில் உட்கார்ந்து செய்யலாம்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்றால், நாங்களும் இதே தப்பைச் செய்தோம். ஆகஸ்டில் வாங்கிய வண்டிக்கு செப்டம்பர், அக்டோபர் வார இறுதி முழுக்க அலங்காரம்தான். என் மனைவி மஞ்சள் திரைச்சீலை தைத்தாள், நான் பழைய வார்னிஷைச் சுரண்டினேன், வாட்சாப்பில் படம் போட்டோம், சொந்தபந்தம் எல்லாம் ஆஹா ஓஹோ என்றது. அப்பா மட்டும் போனில், "சக்கரத்தைக் கழட்டிப் பாத்தியா? மை போட்டியா?" என்றார். ஒட்டன்சத்திரம் சந்தைக்கு மாட்டு வண்டியில் காய்கறி ஏற்றிப் போன மனிதர். "அதெல்லாம் இப்ப பேரிங்ப்பா" என்று சிரித்துவிட்டேன். இரண்டாம் நாள் வர்ஜீனியாவில் ஐ-81 மேல் போகும்போது கருகிய வாடை. நிறுத்திப் பார்த்தால் இடது சக்கரத்தின் ஹப் (நடுக்குடம்) மேல் கை வைக்க முடியவில்லை. உள்ளே கிரீஸ் காய்ந்து மெழுகாகி, பேரிங் நீலம் பாய்ந்து கிடந்தது. சரியான அளவு பேரிங் வந்து சேரும் வரை ஒரு சின்ன ஊரில் மூன்று நாள். அந்த மூன்று நாளும் திரைச்சீலை என்னவோ ரொம்ப அழகாகத்தான் இருந்தது.

அதனால் முதலில் பேரிங். கழற்றி, துடைத்து, புது கிரீஸ் அடைத்து, பின்னால் கிரீஸ் கசியாமல் தடுக்கும் வளையத்தையும் (சீல்) மாற்றுங்கள். பழைய பேரிங்கின் மேல் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, கூடுதலாக ஒரு செட் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் டயர். ஓரத்தில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு எண்கள்தான் அதன் ஜாதகம்: 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் புதிது மாதிரி இருக்கும், ஆனால் டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடுகிறது. ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள், கார் டயர் போடாமல் எஸ்டி (ST) என்று குறியிட்ட டிரெய்லர் டயராகவே வாங்குங்கள். மூன்றாவது பிரேக். பழைய வண்டிகளில் நான்கு கம்பி பிளக் மட்டும் இருந்தால் அதில் விளக்குகள்தான் எரியும், டிரெய்லரின் மின்சார பிரேக் வேலை செய்யாது. ஏழு முனை பிளக்கும், டிரெய்லர் பிரேக்கை இயக்க காருக்குள் பிரேக் கன்ட்ரோலரும் வேண்டும். கொக்கிக் குண்டின் அளவையும் பாருங்கள். இரண்டு அங்குலக் கப்ளரை (குண்டைக் கவ்வும் டிரெய்லர் முனை) ஒன்றே முக்கால் சொச்சம் (1⅞) அங்குலக் குண்டில் மாட்டினால் மாட்டியது போலவே தெரியும், மேடு பள்ளத்தில் எகிறிவிடும்.

பாரம் ஏற்றுவதிலும் அப்பா சொன்னதுதான் சரி. மாட்டு வண்டியில் முன்பாரம், பின்பாரம் என்பார்களே, அதேதான் இங்கேயும். பின்பாரமானால் வண்டி பாம்பு மாதிரி வாலை ஆட்டும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் எடை மேடை இருக்கிறது, வீட்டுச் சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடுங்கள். இட்லி கிரைண்டரை அச்சுக்குப் பின்னால் வைக்காதீர்கள். ஆட ஆரம்பித்தால் கார் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கன்ட்ரோலரில் இருக்கும் கை நெம்புகோலை மட்டும் மெதுவாகத் தள்ளுங்கள்.

மரச்சட்ட வண்டி என்பதால் இன்னொன்று. ஜன்னலுக்குக் கீழேயும் முன்மூலைகளிலும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உள்ளே போனால் அந்த இடத்தில் மரம் மக்கிவிட்டது, அதைச் சரிசெய்யாமல் 3,000 மைல் குலுக்கக் கூடாது, இந்த வருடப் பயணத்தையே விட்டுவிடுங்கள். கெட்டியாக இருந்தால் சந்துகளில் தண்ணீர் புகாமல் அடைக்கும் பியூட்டைல் டேப் போதும்.

இனி வழி. ஐ-80 வரைபடத்தில் நேர்க்கோடு. ஆனால் வயோமிங்கில் ஷெர்மன் உச்சி 8,640 அடி. அதைத் தாண்டி லாரமியிலிருந்து ராலின்ஸ் வரை அடிக்கும் காற்றுக்கு பாரமேற்றாத லாரிகளே சாய்ந்துவிடும். எடை குறைந்த, உயரமான வண்டிகளுக்கு மட்டும் சாலையை மூடுவது அங்கே சகஜம். உங்களுடையது அசல் அந்த ரகம். அதைக் கடந்தாலும் கடைசியில் கலிபோர்னியா மலையில் டானர் கணவாய் இருக்கிறது, பனி விழுந்தால் டிரெய்லர் சக்கரத்துக்கும் சங்கிலி கட்டச் சொல்வார்கள். 1846-இல் கூண்டு வண்டிகளில் வந்த டானர் கூட்டம் தாமதமாக வந்து பனியில் சிக்கியதால்தான் அந்தக் கணவாய்க்கு அந்தப் பெயர். அந்தக் காலத்து வண்டிக்காரர்கள் வயோமிங்கில் ஒரு பாறையை அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4-க்குள் தொட்டுவிட வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார்கள், அதன் பெயரே சுதந்திரப் பாறை. நீங்கள் நவம்பர் என்கிறீர்கள்.

தெற்கே இறங்குங்கள். ஐ-81 பிடித்து வர்ஜீனியா, டென்னஸி, அங்கிருந்து ஐ-40-இல் நாஷ்வில், மெம்பிஸ், லிட்டில் ராக். லிட்டில் ராக் வந்ததும் வானிலையைப் பாருங்கள். பலர் ஐ-40-இலேயே போய்விடுவார்கள், ஆனால் அதுவும் நியூ மெக்சிகோவில் கிளைன்ஸ் கார்னர்ஸ், அரிசோனாவில் ஃப்ளாக்ஸ்டாஃப் என்று 7,000 அடி ஏறுகிறது, நவம்பரில் இரண்டிலும் பனி விழும். சந்தேகம் இருந்தால் லிட்டில் ராக்கிலேயே ஐ-30-இல் திரும்பி டாலஸ், அப்புறம் ஐ-20, ஐ-10, எல் பாசோ, டூசான். மொத்தம் 3,000 மைலுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு நாளைக்கு 250 மைலுக்கு மேல் கணக்குப் போடாதீர்கள், 12 நாள் ஓட்டம், 3 நாள் கைவசம். நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், தெரியாத முகாமில் இருட்டில் டிரெய்லரைப் பின்னுக்கு எடுத்தால் குடும்பச் சண்டை நிச்சயம். எரிபொருளுக்கு நிறுத்தும்போதெல்லாம் ஹப்பைக் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. சுட்டால் நகராதீர்கள்.

தண்ணீர்த் தொட்டியை நிரப்பவே வேண்டாம். வடக்கே நிறைய அரசுப் பூங்கா முகாம்களில் அக்டோபரிலேயே குழாயை மூடிவிடுவார்கள், உங்கள் பழைய குழாய் ஓர் இரவு உறைந்தாலும் வெடிக்கும். இருப்பதை வடித்துவிட்டு, குழாய் உறையாமல் காக்கும் இளஞ்சிவப்பு நிற ஆர்வி ஆன்டிஃப்ரீஸ் ஊற்றுங்கள் (கார் ரேடியேட்டரில் ஊற்றுவது விஷம், அதைத் தொடாதீர்கள்), குடிக்கக் கேன் தண்ணீர். அந்தக் காலத்து கேஸ் ஹீட்டரை நம்பித் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஓர் இரவுகூட வேண்டாம். சின்ன மின்சார ஹீட்டர் வைத்தால் அந்த 1,500 வாட் தனியாகவே 12.5 ஆம்பியர் இழுக்கும், 1967 வயரிங்கில் அதோடு சேர்த்து கெட்டிலைப் போடாதீர்கள். நல்ல கம்பளி இரண்டு வாங்குங்கள், செலவு குறைவு.

பால்டிமோர் பக்கம் யாரையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தால், அங்குள்ள துறைமுகச் சுரங்கப்பாதைகளில் 10 பவுண்டுக்கு மேற்பட்ட புரொப்பேன் சிலிண்டருக்கு அனுமதி இல்லை, சுற்றித்தான் போக வேண்டும்.

கலிபோர்னியாவுக்குள் டிரெய்லர் இழுப்பவர்களுக்கு வேக வரம்பு மணிக்கு 55 மைல், மற்ற வண்டிகள் பறந்தாலும் சரி. எல்லையில் செடி, பழம் கேட்டு நிறுத்துவார்கள். வீட்டில் தொட்டியில் கறிவேப்பிலைச் செடி இருந்தால் கிளம்புவதற்கு முன்பே அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள், எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கும் பூச்சி அதில் தங்கும் என்பதால் உள்ளே விடமாட்டார்கள். எங்களுடையது நியூ ஜெர்சி எடிசனில் ஒரு நண்பர் வீட்டில் இடுப்புயரம் வளர்ந்திருக்கிறது, போனில் படம் காட்டும்போதெல்லாம் என் மனைவி பெருமூச்சு விடுகிறாள்.