சின்ன டிரான்ஸ்போர்ட்டில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்று எதை அளப்பது?

கேள்வி: ராணிப்பேட்டையில் மூன்று லாரி ஓட்டுகிறோம். லோடு தரும் பார்ட்டி மாதாமாதம் பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட் கேட்கிறார். எதை எழுதிக் கொடுப்பது?

முதலில், 'நேரத்துக்குப் போனது' என்றால் எந்த நேரம் என்று பார்ட்டியிடம் பேசி முடித்துக்கொள்ளுங்கள். நான் ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி டிஸ்பாட்ச் பார்ப்பவன். லாரி எங்கள் கேட்டைத் தாண்டிய நேரத்தைத்தான் பலரும் எழுதித் தருகிறார்கள். அதை வைத்து நான் என்ன செய்ய? சென்னைத் துறைமுகத்தில் கட்-ஆஃபுக்கு முன் கன்டெய்னர் உள்ளே போயிருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த கப்பல்தான். விடியற்காலையிலேயே வாலாஜா டோலைத் தாண்டிய வண்டி, துறைமுக வாசல் வரிசையில் நின்று கட்-ஆஃபைத் தவறவிட்டாலும் தாமதம்தான். யாரால் தாமதம் என்பது வேறு விஷயம். அதற்குத் தனிக் கட்டம் போடுங்கள்: லோடு ஏற்றக் காத்திருந்தது, வழியில் போனது, துறைமுக வரிசையில் நின்றது. ஹால்டிங் (வண்டி காத்து நின்றதற்கான காசு) கேட்கப் போகும்போது கையில் இந்தக் கணக்கு இருக்கட்டும்.

அப்புறம், சதவீதம். நேரம் 95, எண்ணிக்கை 95, சேதமில்லாமல் சேர்ந்தது 95, பேப்பர் சரியாக இருந்தது 95 என்று ரிப்போர்ட் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு குறையும் வேறு வேறு லோடில் போய் விழலாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் விழுந்தால் நான்கையும் பெருக்க வேண்டும்; வருவது 81 சொச்சம். நூறு லோடில் பத்தொன்பதில் ஏதோ ஒரு குறை! பார்ட்டி திட்டுவது அந்தப் பத்தொன்பதுக்குத்தான். பெரிய கம்பெனிகள் 'பெர்ஃபெக்ட் ஆர்டர்' என்று கேட்பதும் இதுதான். அதனால் லோடு வாரியாக எழுதுங்கள்: நான்கும் சரியா, இல்லையா.

சராசரிப் பயண நேரம் வேண்டாம். சீக்கிரம் போன வண்டி, தாமதமாகப் போன வண்டியை அதில் மறைத்துவிடும்.

உலக வங்கியின் லாஜிஸ்டிக்ஸ் குறியீட்டைப் படிக்கச் சொல்லி யாராவது அனுப்புவார்கள். 2023-இல் 139 நாடுகளில் இந்தியா 38-ஆம் இடம். நல்லதுதான், ஆனால் அது நாடுகளை ஒப்பிடுவதற்கு. மூன்று லாரிக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. உங்களுக்குத் தெரிய வேண்டியது, திரும்பும்போது எத்தனை கிலோமீட்டர் காலியாக வருகிறது என்பது. அதைப் பார்ட்டிக்குக் காட்ட வேண்டியதில்லை, உங்கள் நோட்டில் இருந்தால் போதும்.

பெங்களூர், ஓசூர் லோடுக்கு பி.ஓ.டி.யில் (சரக்கு சேர்ந்ததற்கான ரசீதில்) நேரத்தை டிரைவர் எழுதக் கூடாது. சரக்கை வாங்குபவரே எழுதி, சீல் வைத்துக் கொடுக்கட்டும். அன்றைக்கே வாட்ஸ்அப்பில் படம் வந்துவிட்டால் பில் பாஸாவதிலும் இழுபறி குறையும்.