தமிழ்நாட்டு ஒயர்மேன் சான்று பெங்களூரில் செல்லுமா?

வாசகர் கேள்வி: ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவு முடித்து, தமிழ்நாட்டில் ஒயர்மேனுக்கான ‘பி’ சான்று பெற்றிருக்கிறேன். வேலூரில் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது குடும்பத்துடன் பெங்களூர் ஈஜிபுரத்தில் குடியிருக்கிறேன். இங்கே சொந்தமாக ஒயரிங் வேலை எடுக்க விரும்புகிறேன். என் சான்றைக் கர்நாடகத்துக்கு மாற்றித் தருவதாகச் சொல்லி ஏஜென்ட் ஒருவர் பணம் கேட்கிறார். அப்படி மாற்ற முடியுமா?

நிபுணர் பதில்: பணம் கொடுக்க வேண்டாம். ஒரு மாநிலத்தின் ஒயர்மேன் சான்றை அப்படியே இன்னொரு மாநிலத்தின் பெயருக்கு மாற்றி எழுதித் தரும் வழக்கம் கிடையாது. ஓட்டுநர் உரிமத்தைப் போல இது நாடு முழுவதும் செல்லும் உரிமமும் அன்று. மின் பாதுகாப்பு விதிகளை மத்திய மின்சார ஆணையம் வகுத்தாலும் (2010-இல் வந்தவற்றுக்குப் பதிலாக 2023-இல் புதியவை வந்தன), சான்றும் லைசென்சும் வழங்கும் அதிகாரம் மாநில அரசுகளிடமே இருக்கிறது. உங்கள் சான்றை வழங்கியது சென்னை கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். கர்நாடகத்தில் அந்தப் பொறுப்பு மின் ஆய்வுத் துறையைச் சேர்ந்தது, அதன் தலைமை அலுவலகம் ராஜாஜிநகர் நிர்மாண் பவனில் இருக்கிறது.

இருந்தாலும் வழி அடைபட்டுவிடவில்லை. மின் பணியைச் செய்பவர், மாநில அரசு ‘வழங்கிய அல்லது அங்கீகரித்த’ பர்மிட் (உங்கள் ‘பி’ சான்று போன்றது) வைத்திருக்க வேண்டும் என்பதே விதியின் சாரம். வெளிமாநிலச் சான்றை அங்கீகரிக்கச் சொல்லிக் கேட்பதற்கு அந்த இரண்டாவது சொல் இடம் கொடுக்கிறது. ஆனால் உங்களுக்கு நான் சொல்லும் யோசனை வேறு: அங்கீகாரம் கேட்டு அலைவதைவிட, கர்நாடக ஒயர்மேன் பர்மிட்டுக்குப் புதிதாகவே விண்ணப்பியுங்கள். உங்கள் கையில் உள்ள ஐ.டி.ஐ. சான்று என்.சி.வி.டி. (தேசியத் தொழிற்பயிற்சிக் குழு) வழங்கிய தேசியத் தொழிற்சான்றாக இருந்தால், அது எந்த மாநிலத்திலும் கல்வித் தகுதியாக நிற்கும். மாநில எல்லையைக் கடக்க முடியாதது பர்மிட்தான், படிப்பு அன்று. எஸ்.சி.வி.டி. (மாநிலத் தொழிற்பயிற்சிக் குழு) என்று அச்சிட்டிருந்தால் அது மாநில அளவிலான சான்று என்பதால், ஏற்பார்களா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

ஐ.டி.ஐ. படிக்காமல், பல ஆண்டு அனுபவத்தைக் கொண்டு மின்கம்பியாள் உதவியாளர் (ஒயர்மேன் ஹெல்பர்) தகுதிகாண் தேர்வு எழுதித் தமிழ்நாட்டுச் சான்று பெற்றவர்களின் நிலை இதைவிடக் கடினமானது. தமிழ்நாடு தந்த சான்றைத் தவிர அவர்கள் காட்டுவதற்கு வேறு தகுதி இல்லாததால், அங்கீகாரம் கேட்க வேண்டும்; இல்லையென்றால் இங்குள்ள தேர்வை எழுத வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன் மூன்று காகிதங்களைச் சரிசெய்துகொள்ளுங்கள். ‘பி’ சான்று உண்மையானது, நடப்பில் உள்ளது என்று கிண்டி வாரியத்திடமிருந்து பெறும் கடிதம் முதலாவது. வேலூர் கான்ட்ராக்டர் தரும் அனுபவச் சான்று இரண்டாவது. அதில் அவருடைய லைசென்ஸ் எண், நீங்கள் வேலை பார்த்த காலம், செய்த பணியின் வகை ஆகியவை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், ஏனெனில் ‘நன்றாக வேலை செய்தார்’ என்று தமிழில் மட்டும் எழுதிய கடிதத்தை இங்கே படிக்கவும் ஆள் இராது. மூன்றாவது, நம்மவர்களைப் பெரிதும் இழுத்தடிக்கும் இனிஷியல். ஐ.டி.ஐ. சான்றில் ‘சு. குமார்’ என்றும் ஆதாரில் ‘குமார் சுப்பிரமணி’ என்றும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்பதற்கு நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் முகவரியையும் ஈஜிபுரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஆனால் கேட்டிருக்க வேண்டிய விஷயம். ஒயர்மேன் பர்மிட் கிடைத்தாலும் சொந்தமாக ஒயரிங் வேலை எடுக்க அது போதாது. லைசென்ஸ் பெற்ற கான்ட்ராக்டர் மூலம், தகுதிச் சான்றுள்ள சூப்பர்வைசரின் நேரடி மேற்பார்வையில், பர்மிட் உள்ளவர் செய்ய வேண்டும் என்று விதி மூன்று பேரைச் சேர்த்தே சொல்கிறது. ஆகவே கான்ட்ராக்டராக வேண்டுமானால் சூப்பர்வைசர் ஒருவர் உங்களிடம் பணியில் இருக்க வேண்டும். மெகர் (இன்சுலேஷனைச் சோதிப்பது), எர்த் டெஸ்டர் (எர்த்தைச் சோதிப்பது), டாங் டெஸ்டர் (ஒயரில் ஓடும் மின்னோட்டத்தை அளப்பது) போன்ற கருவிகளும் தேவைப்படும். ஜி.எஸ்.டி. வரம்புக்குள் வருவீர்களானால் தமிழ்நாட்டுப் பதிவு இங்கு உதவாது, கர்நாடகத்தில் தனியாகப் பதிய வேண்டும். எனவே முதலில் பர்மிட் வாங்கி, இங்குள்ள கான்ட்ராக்டர் ஒருவரிடம் சேர்ந்து, பெஸ்காம் (பெங்களூர் மின் விநியோக நிறுவனம்) நடைமுறைகளைப் பழகிக்கொண்டு, பிறகு லைசென்சுக்குப் போவதே உங்களுக்கு உகந்த வரிசை என்பது என் கருத்து.

அதுவரை வருமானத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். விதியே சிலவற்றுக்கு விலக்கு அளிக்கிறது: 250 வோல்ட்டுக்கு மிகாத விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச், வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றை, இணைப்பின் திறனோ தன்மையோ மாறாதபடி, பழையதை எடுத்துவிட்டுப் புதியது பொருத்தலாம். ஏ.சி.க்குப் புதிதாக லைன் இழுப்பது, மீட்டர் போர்டை இடம் மாற்றுவது, மாடியில் புதிய போர்ஷனுக்கு ஒயரிங் செய்வது ஆகியவை இந்த விலக்கில் அடங்கா.

வேலையை நீங்கள் முடித்துவிட்டு, அந்த இடத்தையே பார்க்காத ஒரு கான்ட்ராக்டரிடம் பணம் கொடுத்துக் கம்ப்ளீஷன் ரிப்போர்ட்டில் (வேலை முடிந்ததற்கான அறிக்கை) கையெழுத்து வாங்கும் பழக்கம் ஊரெல்லாம் உண்டு, அதில் இறங்காதீர்கள். 500 வோல்ட் டி.சி.யை ஒரு நிமிடம் செலுத்தி ஒயர் இன்சுலேஷனின் மின்தடை குறைந்தது 1 மெகா ஓம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய சோதனையை அங்கே யாருமே செய்திருக்க மாட்டார்கள். விபத்து நேர்ந்தால் கையெழுத்திட்டவர் உங்களைக் காட்டுவார். உங்களிடமோ காட்டுவதற்கு ஒரு காகிதமும் இருக்காது.

தமிழ்நாட்டுச் சான்றைக் காலாவதியாக விடாமல் புதுப்பித்து வாருங்கள். அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூரில் ஒரு வேலை கிடைத்தால் அங்கே கர்நாடகப் பர்மிட் போதாது, இந்தப் பழைய ‘பி’ சான்றுதான் வேண்டும். ஆனால் வேலூர் கான்ட்ராக்டரின் லைசென்சில் உங்கள் பெயர் இன்னும் இருந்தால், அதிலிருந்து விடுவித்ததாக அவரிடம் எழுத்தில் வாங்கிய பிறகே இங்கே இன்னொருவரிடம் பெயர் கொடுங்கள்.