பழைய கேம் கார்ட்ரிட்ஜை (கேம் கருவியில் செருகும் சிறு பெட்டி) பரிசளிக்க வாங்கும்போது 'சேவ் பேட்டரி'யைப் பார்க்கச் சொல்கிறார்களே, அது என்ன?

கார்ட்ரிட்ஜுக்குள் பற்றவைத்திருக்கும் 3 வோல்ட் பொத்தான் பேட்டரிதான் அது. கேம், ரோம் சிப்பில் நிரந்தரமாக இருக்கும். எதுவரை ஆடினோம் என்ற பதிவு மட்டும், மின்சாரம் இருந்தால்தான் நிற்கும் ராம் சிப்பில். அகல் விளக்கு மாதிரி: எண்ணெய் தீர்ந்தால் சுடர்தான் போகும், விளக்கு போகாது.

கேம் பாய் கலர் என்ற நின்டெண்டோ கைக்கருவி காலத்துப் போக்கிமான் கோல்ட், சில்வர் கேம்களில் இதே பேட்டரி கடிகாரத்தையும் ஓட்டுவதால் சீக்கிரம் தீரும். வாங்குமுன் ஒரு சேவ் போட்டு, அணைத்து, சில மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

மாற்ற வேண்டுமானால் கார்ட்ரிட்ஜின் தனி வகைத் திருகைக் கழற்றும் 3.8 மி.மீ. கேம்பிட் திருப்புளி, சால்டரிங் அயர்ன், பற்றவைக்கத் தகடு வைத்த சிஆர்2025 பேட்டரி வேண்டும். தகடில்லாத பேட்டரியில் நேரடியாகச் சூடு வைத்தால் வெடிக்கலாம். பற்றவைக்காமல் டேப் ஒட்டிச் சமாளிப்பவர்களும் உண்டு. ஆனால் பேட்டரியின் தொடர்பு ஒருமுறை விட்டாலே பதிவு காலி. பழைய பேட்டரியைக் கழற்றினாலும் அப்படித்தான், பரிசு பெறுபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

போக்கிமான் ரூபி, சஃபையர், எமரால்டில் 'பேட்டரி தீர்ந்துவிட்டது' என்று வந்தால் சேவ் போய்விட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். அவற்றில் பதிவு, மின்சாரம் இல்லாமலும் நிற்கும் ஃபிளாஷ் சிப்பில் இருக்கிறது, நின்றது கடிகாரம் மட்டுமே.